சாப்பாட்டுடன் அறை, சுடுதண்ணி இல்லாமல்: திருகோணமலை வீட்டு போர்டிங் சீன மாணவருக்கு ஒத்துவருமா?

"சாப்பாட்டுடன் அறை வாடகைக்கு, பெண் பிள்ளைகள் மட்டும்." மதிலில் ஒட்டிய தாளிலும் பேஸ்புக்கிலும் இந்த விளம்பரத்தைப் பார்க்காதவர் திருகோணமலையில் இருக்கமாட்டார். கம்பஸ் பிள்ளைகளையும், மாற்றலாகி வரும் ஆசிரியைகளையும் தாதிமாரையும் மனதில் வைத்து உருவான ஏற்பாடு அது. இங்கே மதிப்பிடுவது ஒரு குறிப்பிட்ட வீட்டை அல்ல. டவுன், உப்புவெளி, நிலாவெளி வீதி என்று எங்கும் கிடைக்கும் அந்த ஏற்பாட்டையே, சீனாவில் தமிழ் படித்துவிட்டுப் பேச்சுப் பழக மூன்று மாதம் வந்து நிற்கும் ஒரு பிள்ளைக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று பார்க்கிறோம்.

சீனப் பிள்ளை தமிழ் படிக்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்பு 1963இலேயே தொடங்கிவிட்டது. பெய்ஜிங் வெளிநாட்டு மொழிகள் பல்கலைக்கழகத்தில் 2018 முதல் தமிழில் பட்டப்படிப்பு இருக்கிறது. தெற்கே யுன்னான் மாகாணத்திலும் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கிறார்கள். அங்கே இலக்கணம் நன்றாகக் கிடைக்கும். குசினிக்குள் நின்று கதைக்கும் தமிழ் கிடைக்காது. அதற்கு வீடு வேண்டும்.

புள்ளிகளை முதலிலேயே போட்டுவிடலாம். மொழிக்குப் பத்துக்கு ஒன்பது. சாப்பாட்டுக்கு ஏழு, சாப்பாட்டு நேரத்துக்கு நாலு. குளியலறைக்கு ஐந்து. தண்ணீருக்கு மூன்று, அதுவும் கிணறு நல்லதாக இருந்தால். வீட்டுக்கார அம்மாமார் எல்லோரும் பயப்படுவது உறைப்பைப் பற்றித்தான். உறைப்பில் பெரிய சிக்கல் வருவதில்லை. வருவது அவர்கள் நினைத்தே பார்க்காத இடங்களில்.

முதல் இடம் தண்ணீர். சீனாவில் மாணவர் விடுதி, ரயில், வைத்தியசாலை, விமான நிலையம் எங்கு போனாலும் கொதிதண்ணீர்க் குழாய் ஒன்று இருக்கும். 1952இல் அரசு தொடங்கிய சுகாதார இயக்கம் கொதிக்கவைத்த தண்ணீரை நாடு முழுக்கப் பழக்கப்படுத்தியது. இன்றைக்கு வயிறு நொந்தாலும் தடிமன் வந்தாலும் மாதவிடாய் வந்தாலும் அங்கே தாய் சொல்லும் முதல் மருந்து சுடுதண்ணிதான். நம் வீட்டிலோ வந்தவருக்குக் காட்டும் மரியாதை பிரிட்ஜ் தண்ணி. வெயிலில் வந்த பிள்ளை அதை வாங்கி, ஒரு மிடறு குடித்து, மேசையில் வைத்துவிடும். பிள்ளைக்குத் தாகம் இல்லை என்று வீட்டில் நினைப்பார்கள்.

கேத்தில் ஒன்றை அறைக்குள்ளேயே கொடுத்துவிட வேண்டும். குசினிக்கு வந்து கேட்டு வாங்கும்படி வைத்தால் பிள்ளை கேட்காது. ஆனால் இங்கேதான் ஆபத்தும் இருக்கிறது. பழைய வீடுகளின் அறைகளில் பெரும்பாலும் இருப்பது உருண்டை முள்ளுப் போகும் 5 அம்பியர் பிளக் பொயின்ற். 230 வோல்ட்டை ஐந்தால் பெருக்கினால் 1150 வாட்; அதுதான் அதன் எல்லை. கடையில் விற்கும் 1.7 லீற்றர் கேத்தில் 1500 முதல் 2200 வாட் வரை இழுக்கும். சீனாவிலிருந்து கொண்டுவரும் சின்னப் பயணக் கேத்திலும் தட்டை முள்ளுப் பிளக்கோடு வரும். அதைப் பலநாட்டு மாற்றி ஒன்றில் செருகி, மாற்றியை 5 அம்பியரில் செருகினால், பிளாஸ்டிக் சூடேறி மணக்கவும் உருகவும் கூடும். அங்கே 220 வோல்ட், இங்கே 230, இரண்டுமே 50 ஹேர்ட்ஸ் என்பதால் மின்னழுத்த மாற்றி தேவையில்லை. தேவை 13 அம்பியர் சதுர முள்ளுப் பொயின்ற் ஒன்றும், இங்கேயே வாங்கிய கேத்திலும். மின்வேலை செய்பவரை வைத்து அறைக்குள் ஒரு 13 அம்பியர் இழுப்பது அரை நாள் வேலை. அது முடியாத வீடு, 2 லீற்றர் சுடுதண்ணிப் போத்தலைக் காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் நிரப்பி வாசலில் வைத்தாலும் போதும்.

கடற்கரையை ஒட்டிய பல கிணறுகளில் தண்ணீர் உவர். அதையே கொதிக்கவைத்தால் ஒரு மாதத்துக்குள் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டும். தண்ணீர் கொதிக்கவும் நேரம் எடுக்கும். இரண்டு தேசிக்காயைப் பிழிந்து அரைக் கேத்தில் தண்ணீரோடு கொதிக்கவிட்டு, அரை மணித்தியாலம் ஊறவைத்து ஊற்றினால் படிவு கழரும். குடிக்க 19 லீற்றர் கான் வாங்கும் வீடு என்றால், அந்தத் தண்ணீரைத்தான் கேத்திலிலும் ஊற்ற வேண்டும் என்று முதல் நாளே காட்டிக்கொடுங்கள்.

குளியலறைக்கு வருவோம். குந்தியிருக்கும் கழிப்பறை சீனப் பிள்ளைக்குப் புதிதல்ல. அங்கேயும் அதுதான் பரவலாக இருக்கிறது. புதிது தண்ணீரால் கழுவுவது. ரிசுத் தாளைப் பயன்படுத்தி, அதைக் கிடங்குக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போடுவது அங்குள்ள பல இடங்களின் வழக்கம். இங்கே கூடை இல்லாவிட்டால் எல்லாம் கிடங்குக்குள்தான் போகும். பழைய வீட்டுக் குழாய் இரண்டு மூன்று வாரத்தில் அடைபடும். மூடி போட்ட, காலால் மிதித்துத் திறக்கும் கூடை ஒன்று வாங்கிவைத்தால் குழாய் அடைப்பெடுக்க ஆள் கூப்பிடும் செலவு மிச்சம். இரவு படுக்கப்போகுமுன் குளிப்பதும் அங்குள்ள பழக்கம். "இராத்திரி தலைக்குக் குளிச்சா சளி பிடிக்கும்" என்று தடுக்கவேண்டாம். தொட்டித் தண்ணீர் மாலையோடு முடிந்துவிடாமல் மோட்டாரை ஏழு மணிக்கு ஒருமுறை போட்டால் போதும். வாளி ஒன்று, பேசின் இரண்டு: ஒன்று முகத்துக்கு, ஒன்று காலுக்கும் துணிக்கும். இரண்டையும் கலக்கமாட்டார்கள்.

வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது நமக்குச் சுத்தம். அவர்களுக்கும் வெளிச் செருப்பு வாசலோடுதான். ஆனால் உள்ளே போடத் தனிச் செருப்பு இருக்கும். ஒரு சோடி ரப்பர் செருப்பை உள்ளுக்கென்று கொடுங்கள். குசினிக்கும் சாமியறைக்கும் அது வரக்கூடாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்பார்கள். சொல்லாமல் முகத்தைச் சுழிப்பதுதான் அவர்களுக்குப் புரியாது.

இனிச் சாப்பாடு. "சீனர் உறைப்புச் சாப்பிடமாட்டினம்" என்பது பாதிப் பொய். எந்த மாகாணம் என்று கேளுங்கள். சிச்சுவான், ஹுனான், குய்சோ என்றால் நம்மைவிட மிளகாய் தின்பவர்கள். குவாங்டொங் என்றால் மிளகாயே வேண்டாம். இரண்டு பேரையுமே முதல் வாரத்தில் கவிழ்ப்பது தடித்த தேங்காய்ப்பால். மீன் குழம்பு, சொதி, பருப்பு, கிழங்குப் பால்கறி என்று ஒரே தட்டில் நாலு விதத்தில் தேங்காய்ப்பால் விழுந்தால் வயிறு தாங்காது. முதல் பத்து நாள் ஒரு கறியோடு நிறுத்துங்கள். அடுத்தது காலை எழும்பியவுடன் நீட்டும் பால்மாத் தேத்தண்ணி. கிழக்காசியாவில் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோருக்குப் பால் செரிப்பதில்லை. மரியாதைக்குக் குடித்துவிட்டுப் பிள்ளை குளியலறைக்கு ஓடும். சீனி போடாத பிளேன்ரீ கொடுத்தால் இரண்டு பக்கமும் நிம்மதி.

சோறு தனிப் பிரச்சினை. புழுங்கல் அரிசி, அதுவும் சிவப்பு, உதிரி உதிரியாக வேகும்; சாப்பிடும் குச்சியில் நிற்காது. ஒட்டும் சோறுதான் அவர்களுக்குச் சோறு. வெள்ளைப் பச்சையரிசி ஒரு கப்புக்கு ஒன்றரைக் கப் தண்ணீர், ரைஸ் குக்கரில், அணைந்தபின் பத்து நிமிடம் மூடியபடி. வடிக்கக்கூடாது, வடித்தால் ஒட்டும் பசை கஞ்சியோடு போய்விடும். காலைக்குக் கஞ்சி இன்னும் நல்லது: ஒரு பங்கு அரிசிக்கு எட்டிலிருந்து பத்துப் பங்கு தண்ணீர், மெல்லிய நெருப்பில் நாற்பது நிமிடம். உப்பில்லை, பாலில்லை, உள்ளியில்லை. நமக்கு அது நோயாளிச் சாப்பாடு. அவர்களுக்கு வீட்டு நினைப்பு. பக்கத்தில் அவித்த முட்டையும் கொஞ்சம் ஊறுகாயும் இருந்தால் காலைச் சாப்பாடு முடிந்தது.

சந்தையில் அவர்களுக்குத் தெரிந்த மரக்கறிகள் நிறைய இருக்கின்றன. சமைக்கும் விதம்தான் வேறு. கங்குன் தென்சீனாவில் அன்றாடக் கீரை. இரண்டு கட்டுக் கங்குனைத் தண்டு வேறு இலை வேறாக முறித்து, தாச்சியில் எண்ணெய் நன்றாகக் காய்ந்தபின் நாலு பல்லு உள்ளியை நசுக்கிப் போட்டு, தண்டை அரை நிமிடம், பிறகு இலையை ஒரு நிமிடம், உப்பு, இறக்கு. மூடி போட்டால் இலை கறுக்கும். மஞ்சள் போடவேண்டாம், தேங்காய்ப்பூ போடவேண்டாம். கை தானாகப் போகும், நிறுத்தவேண்டும். பாகற்காய், நீற்றுப்பூசணி, புடலங்காய் எல்லாம் அங்கேயும் உண்டு. வல்லாரைச் சம்பலைப் போலப் பச்சையாக இருப்பதைத் தொடத் தயங்குவார்கள். அதைச் சமைக்காத சாப்பாடு என்றே நினைப்பார்கள். முருங்கைக்காயை எப்படிச் சாப்பிடுவது என்று செய்து காட்டவேண்டும், இல்லாவிட்டால் கோதோடு விழுங்கப் பார்ப்பார்கள்.

மீனுக்குத் திருகோணமலையில் குறையே இல்லை. கொடுவாவோ விளைமீனோ 600, 700 கிராமில் முழுசாக ஒன்று. குடல் எடுத்து, இரண்டு பக்கமும் மூன்று கீறல், உள்ளே இஞ்சித் துண்டு. தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகுதான் சட்டிக்குள் தட்டை வைக்கவேண்டும்; எட்டிலிருந்து பத்து நிமிடம். தட்டில் தேங்கும் தண்ணீரை ஊற்றிவிடுங்கள், வெடில் அதில்தான் இருக்கிறது. மேலே வெங்காயத்தாளை நார்நாராக வெட்டிப் போட்டு, சோயா சோஸ் இரண்டு மேசைக்கரண்டி, கடைசியில் புகை வரக் காய்ந்த எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. இங்கே கிடைக்கும் சோயா சோஸ் சிலது தடிப்பாகவும் கடும் உப்பாகவும் இருக்கும். சம அளவு சுடுதண்ணியும் ஒரு சிட்டிகை சீனியும் சேர்த்தால் சரிவரும். ஆவியில் அவிக்க இடியப்பச் சட்டி போதும். சட்டி சிறிதென்றால் மீனைக் குறுக்கே இரண்டாக வெட்டலாம், தலையை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.

கவலைப்பட்டுக் கடையில் "சைனீஸ்" பார்சல் எடுத்துக் கொடுப்பதில் பயனில்லை. நம்மூர் ஃப்ரைட் ரைஸும் டெவில் சிக்கனும் இலங்கைச் சாப்பாடு. மாணவி அதைப் பார்த்து இது எந்த நாட்டுக் கறி என்றுதான் கேட்பாள்.

பரிமாறும் விதத்தில் ஒரு சிக்கல், அதற்குத் தீர்வு மிக எளிது. அங்கே கறிகள் மேசை நடுவில் இருக்கும், ஆளாளுக்கு எடுப்பார்கள். விருந்தில் தட்டு காலியானால், சாப்பாடு போதவில்லை என்று வீட்டுக்காரருக்குப் படும் என்று கொஞ்சம் மிச்சம் வைப்பதும் பழைய வழக்கம். இங்கே மிச்சம் வைத்தால் ருசியில்லை என்று பொருள், காலியானால் இன்னும் ஒரு அகப்பை. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பிள்ளை முதல் வாரம் முழுக்க மூச்சுமுட்டச் சாப்பிடும். கறிகளை நடுவில் வையுங்கள். முள்ளு, எலும்பு போட ஒரு சின்னத் தட்டு வையுங்கள். "போதும் அம்மா, வயிறு நிறைஞ்சிட்டுது" என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். குச்சியைச் சோற்றில் நட்டபடி விட்டு மற்றவருக்கு விளையாட்டுக் காட்டவேண்டாம். இறந்தவருக்குப் படைப்பது போல அவர்களுக்குத் தெரியும். கையால் சாப்பிடப் பழக்க ஆசையென்றால் ரொட்டியில் தொடங்குங்கள், பிறகு இடியப்பம். புட்டில் தொடங்கினால் மடியெல்லாம் புட்டு.

சாப்பாட்டு நேரத்துக்கு நாலு புள்ளி கொடுத்த காரணம் இது. சீன விடுதியில் மத்தியானச் சாப்பாடு பன்னிரண்டு மணிக்கு, இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு. இங்கே ஒன்றரை, எட்டரை. அதற்கு மேல் இரண்டரை மணித்தியால நேர வித்தியாசம்: இங்கே எட்டரை என்றால் அங்கே இரவு பதினொன்று. முதல் வாரம் பிள்ளை காலை நாலு மணிக்கு விழித்து, மாலை ஐந்துக்கே பசித்து, வெட்கப்பட்டு பிஸ்கட் தின்று, எட்டரைக்குச் சோற்றைக் கிண்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துச் சமையல் பிடிக்கவில்லை என்று மனம் நோகாதீர்கள். இரவுச் சாப்பாட்டை ஆறரைக்கு மேசையில் மூடிவைக்கும் வீடு முதல் வாரத்தைச் சுகமாகக் கடக்கும். மத்தியானம் சாப்பிட்டபின் அரை மணி, முக்கால் மணி படுப்பது அங்கே பள்ளிக்கூடத்திலேயே உள்ள பழக்கம்; சோம்பேறி என்று நினைக்கவேண்டாம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இங்கே யாரும் செய்யாததா?

மொழிக்கு ஒன்பது கொடுத்தோம். வகுப்பில் படித்து வந்த பிள்ளை "நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?" என்று கேட்கும். வீட்டில் "என்ன செய்யிறியள்?" என்பார்கள். "இஞ்ச வாங்கோ", "உங்க வையுங்கோ" எல்லாம் புத்தகத்தில் இல்லை. "உங்க" என்றால் உங்கள் பக்கத்தில் என்பது தெரியாமல், "உங்கள்" என்று நினைத்து விழிக்கும். பேச்சை எழுத்தாக்கும் செயலியும் அதில் தடுமாறும். ஆங்கிலத்துக்குத் தாவினால் போர்டிங்கின் ஒரே பெரிய பலன் போய்விடும். மெதுவாகத் திரும்பச் சொன்னால் போதும்.

ஒலிகளில் ஒரு வேடிக்கை. சீன மொழியில் நாக்கை மடித்துச் சொல்லும் ஓர் ஒலி நம் 'ழ'வுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே 'வாழைப்பழம்' அவர்கள் வாயில் சுத்தமாக வரும்; 'வாளைப்பளம்' என்கிற நாம் கொஞ்சம் கூச்சப்படவேண்டியிருக்கும். தடுக்குவது 'ர', 'ற'. அந்த நாக்கு நடுக்கம் அங்கே கிடையாது. குறில் நெடிலும் குழம்பும்: பல்லுக்குப் பதில் பால் கேட்பார்கள்.

மரியாதைச் சொல்லில் கவனம் வேண்டும். சீனத்திலும் எதிரில் இருப்பவரை 'நீ' என்றுதான் சொல்வார்கள். ஒலியும் பொருளும் ஏறத்தாழ ஒன்று. மரியாதைக்கு 'நின்' என்ற சொல் இருந்தாலும் அன்றாடம் 'நீ'தான் அதிகம். அதனால் வீட்டு ஐயாவைப் பார்த்து "நீ சாப்பிட்டாச்சா?" என்று அன்போடு கேட்கும். திட்டவேண்டாம், அந்த இடத்திலேயே "நீங்கள்" என்று திருத்துங்கள். தாயை அவர்கள் கூப்பிடுவது 'மாமா'. மாலையில் போனில் "மாமா, மாமா" என்று அழுதால் சீனாவில் யாரோ மாமன் என்று நினைத்துவிடாதீர்கள். அன்ரிக்கு அவர்கள் சொல் 'ஆயீ'. வீட்டுச் சின்னப் பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள், விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

வயது, சம்பளம், கல்யாணம் என்று பக்கத்து வீட்டார் கேட்கும் கேள்விகள் அவர்களைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அதே கேள்விகளை ஊரில் சொந்தக்காரர் கேட்டுப் பழகியவர்கள்தான். ஓட்டோ நிற்கும் இடத்தில் "சைனா, சைனா" என்று கத்துவது பாதிக்கும்.

வீட்டு விதிகளை முதல் நாள் சொல்லவேண்டும், ஒரு தாளில் எழுதி. இந்து வீடு என்றால் மாட்டிறைச்சி கொண்டுவரக்கூடாது, வெள்ளிக்கிழமை மரக்கறி. முஸ்லிம் வீடு என்றால் பன்றி கூடாது. சீனாவிலிருந்து கொண்டுவரும் நூடில்ஸ் பக்கெற்றில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், ஆகவே பெட்டி திறக்கும் நாளிலேயே கமரா மொழிபெயர்ப்பால் பார்த்துப் பிரித்துவிடுவது நல்லது. கேற் பூட்டும் நேரம் இன்னொன்று. சீன விடுதிகளிலும் கதவடைக்கும் நேரம் உண்டு, ஆனால் பதினொரு மணியளவில். இங்கே எட்டு மணி என்றால் திகைப்பார்கள். ஒன்பதரை நியாயம், அதற்குமேல் ஊரிலும் பெரிதாக எதுவும் திறந்திருப்பதில்லை.

கன்னியா வெந்நீரூற்றுக்குக் கூட்டிப்போகிறவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்: ஏழு சின்னக் கிணறுகள், வாளியால் அள்ளி ஊற்றவேண்டும். வெந்நீரூற்று என்றதும் கழுத்தளவு தண்ணீரில் அமர்ந்திருக்கலாம் என்று அவர்கள் எதிர்பார்ப்பார்கள். கோணேசர் கோயிலுக்கு நடுமத்தியானம் போகவேண்டாம், கல்லில் கால் வெந்துவிடும்.

மழை தொடங்கியபின் நுளம்பு. வலை கட்டிப் படுப்பது சீன விடுதிகளிலும் உண்டு என்பதால் அதைக் கற்பிக்கத் தேவையில்லை. மருந்துப் பெட்டியைத்தான் பார்க்கவேண்டும்: காய்ச்சலுக்கு இபுபுரோஃபென் எடுப்பது அங்கே சாதாரணம். டெங்கு இல்லை என்று தெரியும்வரை அது கூடாது, பரசிற்றமோல் மட்டும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை.

காசு விஷயம் சுருக்கமாக. ஏசிக்குத் தனி மீற்றர் போடாத வீட்டில் மாதக் கடைசியில் மனக்கசப்பு நிச்சயம். 9,000 பி.ரி.யு. ஏசி ஒன்று எட்டு மணித்தியால இரவில் ஏறத்தாழ நாலிலிருந்து ஆறு அலகு எடுக்கும். இலங்கையில் அலகு கூடக்கூட விலையும் ஏறும் என்பது வெளியிலிருந்து வந்தவருக்குத் தெரியாது. சாப்பிடாத நாளுக்குக் கழிவு உண்டா, முற்பணம் எப்போது திரும்பும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பத்து வருடமாகக் கைப்பேசியால் காசு கட்டிப் பழகிய பிள்ளைக்குச் சில்லறை எண்ணத் தெரியாது. பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் 20, 50, 100 ரூபாய்த் தாள்களை மாற்றிக் கொடுத்தால் பெரிய உதவி. உல்லாசப் பயண விசாவில் படிக்க முடியாது, படிப்புக்கான வதிவிட விசா வேண்டும். அது சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்தின் பொறுப்பு, ஆனாலும் அறை கொடுக்குமுன் கேட்டுப் பாருங்கள்.

இணையம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சீனச் செயலிகளில் பேச்சும் படமும் இங்கே ஒழுங்காக வேலை செய்யும். வீட்டார் வாட்ஸ்அப்பில் இருப்பார்கள், பிள்ளையிடம் அது இருக்காது. இங்கே எடுத்த சிம்மில் முதல் நாளே ஏற்றிவிடவேண்டும். ஒரே ஒரு எச்சரிக்கை. மாரி காலத்தில் இடிமின்னலுக்குப் பயந்து இரவானதும் றூட்டரைக் கழற்றிவைப்பது பல வீடுகளில் வழக்கம். சீனப் புத்தாண்டு ஜனவரி 21க்கும் பெப்ரவரி 20க்கும் இடையில் வரும். பொங்கல் பானை கழுவிக் கவிழ்த்த சில நாளிலேயே வந்துவிடும் ஆண்டும் உண்டு. அதற்கு முந்தைய இரவில்தான் அங்கே குடும்பம் முழுக்க ஒரே மேசையில் இருக்கும். அவர்களுடைய நள்ளிரவு நமக்கு ஒன்பதரை. அன்றைக்கு மட்டும் றூட்டரைப் பத்து மணிவரை விட்டுவையுங்கள்.